சாய்ந்த அளவு

ஏழாவது வாரக் கடைசியில் அவள் கணவனின் வலது கை நூற்று முப்பது டிகிரி உயர்ந்தது. நம்ப முடியாமல் இன்னொரு முறை அளந்தாள். சமையலறை ஸ்டூலில் அவன் உட்கார்ந்து கையை முன்பக்கமாக மேலே தூக்க, தோள்மூட்டின் மேல், கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்து, அதன் ஒரு சட்டத்தை ஃபிரிட்ஜின் ஓரத்துக்கு நேராகவும் மற்றதை அவன் மேல்கையோடு சேர்த்தும் பிடித்தாள். இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேலை நடுவில் ஆணி அடித்துச் சேர்த்தது போலிருக்கும் அந்தக் கருவிக்கு அவன் வைத்த பெயர் வெட்டாத கத்தரிக்கோல்.

“டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் போனா ஃபேனைத் துடைச்சுடலாம் போலிருக்கே” என்றான்.

முன்னறையில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா தலையைத் திருப்பாமலே பதில் சொன்னாள். “துடைக்கட்டும், துடைக்கட்டும். கல்யாணமாகிப் பதினோரு வருஷமா தொடாத ஃபேன்.”

அவள் சிரித்துக்கொண்டே நோட்டில் 130 என்று எழுதினாள். அந்த நோட்டைத் திறப்பதே அவளுக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது. நூற்று நான்கில் தொடங்கிய எண்கள் பக்கம் பக்கமாக மேலே ஏறியிருந்தன. அவன் பெயின்டர். ஒரு மாடிப்படிக்கூடத்தின் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஏணி வழுக்கி, விழாமல் இருக்க ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் தோளுக்குள் தசைநார் கிழிந்தது. ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது தோள் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிப் போயிருந்தது. டாக்டர் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார். மருத்துவமனையில் அதற்கான வரிசை மூன்று மாத நீளம்.

அவளோ அதே மருத்துவமனையில்தான் பிசியோதெரபி உதவியாளர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். முப்பத்தாறு வயதில் படிக்க வந்தவள். வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். “நீ படி, நான் ரெண்டு கூரை சேர்த்து அடிக்கறேன்” என்று சொல்லிச் சேர்த்துவிட்டவன் அவன்தான். அவன் கை இப்படிக் கிடக்கும்போது மூன்று மாதம் வரிசையில் உட்கார்ந்திருக்க அவளுக்கு மனசு வரவில்லை. கட்டை அவிழ்த்த வாரத்திலிருந்தே தினமும் காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, அவன் கையைப் பிடித்து மேலே தள்ளி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்கினாள். அளவு ஏற ஏற அழுத்தத்தையும் ஏற்றினாள்.

ஐந்தாவது வாரம் யாரோ வராமல் போய், வரிசையில் அவனுக்கு முன்கூட்டியே இடம் கிடைத்தது. போனில் கூப்பிட்டார்கள். “எங்க வீட்ல நல்லா முன்னேற்றம் இருக்கு, வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை அவள் மறுக்க மாட்டாள்.

எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடிந்திருந்தன. செய்முறையில் முழங்காலும் நடைப்பயிற்சியும் வந்தன, நன்றாகவே செய்திருந்தாள். இன்னும் பன்னிரண்டு நாள் மேற்பார்வையில் வேலை பார்த்து முடித்தால், உரிமத்துக்கான விண்ணப்பத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார். அதே பிரிவில் ஓர் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. அவளுக்காக மாதக் கடைசிவரை அதை நிரப்பாமல் வைத்திருந்தார்கள். அவன் மறுபடி ஏணி ஏறும்வரை வீட்டைத் தாங்க அந்த ஒரு வேலையைத்தான் மூன்று பேரும் நம்பியிருந்தார்கள்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு: பயிற்சிக் காலத்தில் மேற்பார்வை இல்லாமல் நான் எவருக்கும் சிகிச்சை அளிக்கவில்லை. வீட்டிலிருப்பவர்களை அளந்து பழகலாம், கைவைத்து சிகிச்சை செய்யக் கூடாது என்பது விதி. அதைப் படித்தபோது வகுப்பே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். புருஷன் தோளைப் பிடித்துவிடுவதற்குக்கூட மேலிடத்தில் கேட்க வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

மேற்பார்வையாளர் அவளைவிட ஒன்பது வயது சின்னவள். ஆள் குள்ளம் என்பதால் நோயாளிகள் குட்டி மேடம் என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் சொல்வார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். அவருக்கும் இறுகிப்போன தோள்தான். பயிற்சியின்போது தன் கையைப் பார்த்தே, “உள்ளே போ, உள்ளே போ, உள்ளே காலியாத்தான் இருக்கு” என்று அதட்டுவார்.

அந்தத் திங்கட்கிழமை அவள் அவரை அளந்து நூற்று இருபது என்றாள். கண்டக்டர் பெருமையாக அறையைச் சுற்றிப் பார்த்தார். குட்டி மேடம் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்து, போன வாரம் தொண்ணூற்றைந்துதானே என்று கேட்டாள். எழுந்து வந்து அவரைச் சுவரோடு முதுகு ஒட்ட உட்காரவைத்து மறுபடி அளந்தாள். தொண்ணூற்றாறு.

“அக்கா, கை ஏறல. ஆள்தான் பின்னால சாஞ்சாரு” என்றாள். “ஸ்கேலை எதுக்கு நேரா வச்சீங்க?”

அவள் எதிரிலிருந்த அலமாரியின் ஓரத்தைக் காட்டினாள். சட்டத்தை நோயாளியின் விலாவுக்கு நேராக வைக்க வேண்டும். அப்படி வைத்தால்தான் உடம்பு எங்கே சாய்ந்தாலும் சட்டமும் கூடவே சாய்ந்து, தோள் மட்டும் எவ்வளவு தூக்குகிறது என்று சொல்லும். முதல் வருடப் பாடம் இது. கண்டக்டர், தான் சாயவே இல்லை என்றும், வண்டி ஓடும்போது பிடிக்காமல் நின்ற உடம்பு தன்னுடையது என்றும் வாதாடினார். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் இன்னொரு அம்மாளுக்கும் அதே தப்பு. இந்த முறை குட்டி மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். திட்டவில்லை. “மூணு மாசம் முன்னாடி உங்ககிட்ட இந்தத் தப்பு இல்லையே அக்கா. நீங்கதான மத்தவங்களுக்குச் சொல்லித் தருவீங்க. அந்தம்மா அவ்வளவு சாயறாங்க, உங்க கண்ணுக்கு அது நேராவா தெரியுது?”

தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சாய்ந்த உடம்பு அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கை கழுவும் தொட்டியின் முன்னால் குழாயைத் திறந்துவிட்டு நின்றவள், தண்ணீர் ஓடுவதையே மறந்து, ஃபிரிட்ஜின் ஓரத்தையும் அதன் முன்னால் அந்த ஸ்டூலையும் நினைத்துக்கொண்டிருந்தாள். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். ஒரு வாரத்துக்கு மூன்று டிகிரி, நான்கு டிகிரி என்று ஒருவன் மெல்ல மெல்லச் சாய்ந்தால், தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது அவன் கடைக்குப் போயிருந்தான். நாத்தனார் ஒரு பேன்ட்டின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அவர் காலைல சட்டையைத் தானா போட்டுக்கறாரா?”

மிஷின் நின்றது. நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஊசி இருந்த இடத்தையே பார்த்தாள்.

“நீ வாசல் தாண்டினதும் என்னைத்தான் கூப்பிடுவான். வலது கையை உள்ளே விட முடியாது. தலை வாரிவிடறதும் நான்தான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அவளே அங்கே நாள் பூரா நின்னுட்டு வரா, இதுல வேற ஏன் கலவரம்னான்.” பிறகு தாங்க முடியாதவள் போல, “உன் முன்னாடி அவன் ராஜா. நீ போனா என் முன்னாடி மூணு வயசுப் பிள்ளை. நீ படிச்சவ, உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நானும் நினைச்சேன்” என்றாள்.

அவன் இடது கையில் பையோடு வந்தான். பையை வாங்கி வைத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். படுங்க என்றாள். தரையில் படுத்தவனால் எங்கும் சாய முடியாது. முழங்காலை மடக்கவைத்து, முதுகுக்குக் கீழே தன் உள்ளங்கையைச் செருகி, அது தூக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையைத் தூக்கச் சொன்னாள். பாதி வழியில் கை நின்றது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அளந்தாள்.

தொண்ணூற்றெட்டு. ஏழு வாரத்துக்கு முன்பு, அவள் தொடுவதற்கு முன்னால், நூற்று நான்கு.

அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. அவனருகில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“எப்போலேருந்து?”

“மூணாவது வாரம்.” அவன் எழுந்திருக்காமலே பேசினான். “அப்பவும் நூத்தி நாலுதான்னு சொன்னே. அன்னிக்கு நீ சாப்பிடல. எனக்கு இந்த வேலை வராது போலிருக்குன்னு சொன்னே. பரீட்சைக்கு நாலே நாள் இருந்துது. மறுநாள் கொஞ்சம் சாஞ்சேன். நூத்தி பத்துன்னு சொல்லிட்டு நீ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வேலைக்குப் போனே. அப்புறம் எப்படிக் குறைக்கறது?”

“வலிச்சா சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்.”

“சொன்னே. நீ பத்து எண்ணும்போது உன் முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வரல.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இல்லாத முப்பது டிகிரியை நம்பி அவள் ஒவ்வொரு வாரமும் கூடுதலாகத் தள்ளியிருக்கிறாள். ஆறாத ஒரு காயத்தின் மேல், தினமும் இரண்டு வேளை, பத்து எண்ணும்வரை. அவன் பல்லைக் கடித்திருப்பான். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எண்ணைப் பார்த்தாள். அவன் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்திருந்தால் போதும். வார்டில் வருகிற எந்தத் தெரியாத மனிதரின் முகத்தையும் அவள் அப்படிப் பார்க்காமல் விட்டதில்லை.

மறுநாள் குட்டி மேடத்திடம், கணவனின் தோள் சரியாக வரவில்லை, ஒரு தடவை பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் வரச் சொன்னாள் குட்டி மேடம். பஸ்ஸில் போகும்போது அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். “நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காதே. எட்டு நாள்தான் இருக்கு.”

அந்தச் சின்ன அறையில் மேஜைமேல் பயிற்சி மாணவர்களின் கோப்புகள் அடுக்கியிருந்தன. மேலேயே அவளுடையது. குட்டி மேடம் அவன் தோளை முன்னும் பின்னும் தொட்டுப் பார்த்தாள். மெதுவாகச் சுழற்றினாள். ஓரிடத்தில் அவன் மூச்சு அறுந்ததை அவள் கவனித்துக் கையை உடனே எடுத்தாள்.

“வீட்ல யாராவது கையைப் பிடிச்சு மேல தள்ளினாங்களா சார்?”

“இல்லம்மா. நானே செவுத்துல விரலை ஏத்தி ஏத்திப் பாப்பேன். அதுவும் சோம்பேறித்தனம், தினமும் செய்யறதில்ல.” அவன் ரொம்ப இயல்பாகச் சொன்னான். நூற்று முப்பது வரை சாய்ந்த அதே இயல்பு.

குட்டி மேடம் தலையாட்டி எழுதத் தொடங்கினாள். அப்படியானால் இது அசைக்காமல் விட்டதால் வந்த வெறும் இறுக்கம்தான். அடுத்த வாரத்திலிருந்தே நன்றாக அழுத்தி நீட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் டாக்டரிடம் பேசி, மயக்க மருந்து கொடுத்து, இறுகிய தோளை ஒரேயடியாக அசைத்து விடுவிக்கலாம். எழுதியபடியே இதையெல்லாம் விளக்கினாள்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சொன்ன பதிலுக்கு அது சரியான வைத்தியம்தான். உண்மைக்கு அது தவறான வைத்தியம். ஏற்கனவே தள்ளித் தள்ளிப் புண்ணாகிய இடத்தை இன்னொருவரும் தள்ளுவார். அவன் மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்கவில்லை என்பான். உள்ளே ஒட்டிய நார் மறுபடி கிழிந்திருந்தால் அது மொத்தமும் போகும். எட்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த எட்டு நாளில் எத்தனை தடவை பத்து எண்ணுவார்கள் என்றும் தோன்றியது.

மேஜைக்குக் கீழே அவன் பாதம் அவள் பாதத்தை அழுத்தியது.

“மேடம், எழுதாதீங்க. நான்தான் தள்ளினேன்.” அவள் பாதத்தை இழுத்துக்கொண்டாள். “ஏழு வாரம். ரெண்டு வேளை. கடைசி மூணு வாரம் நல்ல அழுத்தம் குடுத்து.”

குட்டி மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். மேலே கிடந்த கோப்பை ஒரு முறை பார்த்தாள். அவளுடைய சின்ன முகம் இன்னும் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

“அக்கா, இதை நீங்க அவர் வீட்டுக்காரம்மாவா சொல்றீங்களா, இல்ல எங்க மாணவியா சொல்றீங்களா?”

கேள்வியின் உள்ளே ஒரு கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரம்மா என்றால், விவரம் தெரியாத ஒரு மனைவி ஆசையில் செய்ததாக அது எழுதப்படும். நோயாளியின் தாளோடு நின்றுவிடும். அவன் அவளையே பார்த்தான். சொல்லேன் என்றது அவன் முகம்.

“தள்ளினது மாணவிதான் மேடம்” என்றாள். “எவ்வளவு தள்ளணும்னு கணக்குப் போட்டுத் தள்ளினேன். கணக்குத்தான் தப்பு. வீட்டுக்காரம்மான்னா அவர் முகம் சுளிச்சதும் விட்டிருப்பா.”

குட்டி மேடம் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, இதைத் தான் கேட்காத மாதிரி இருக்க முடியாது என்று மெல்லச் சொன்னாள். எழுதியதை அடித்துவிட்டு, ஸ்கேனுக்கு ஒரு சீட்டு எழுதினாள். அதை முடித்ததும் கோப்பை எடுத்துத் தன் பக்கத்து இழுப்பறையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவன் வாசலிலேயே நின்றான்.

“ஒரே ஒரு பொய். நீ அதைச் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தா போதும். எட்டு நாள்ல நீ எங்கேயோ போயிருப்பே.”

“உங்க கை எங்கே போயிருக்கும்?”

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் அக்காவைக் கூப்பிட்டான். நாத்தனார் நடுவில் நின்று, “நான் என்ன, உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓடற பஸ்ஸா?” என்று சலித்துக்கொண்டாலும் எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்கேனில் நார் மறுபடி பாதி கிழிந்திருந்தது. இரண்டு மாதம் யாரும் கையைத் தொடக் கூடாது, அதன் பிறகு மெதுவாகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சுவர் அடிக்கலாம், கூரை சந்தேகம்தான். கூரை அடிக்காத பெயின்டரை யார் கூப்பிடுவார்கள் என்று அவன் டாக்டரிடம் கேட்டான். டாக்டர் அடுத்த நோயாளியின் தாளை எடுத்தார்.

உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. மேற்பார்வை நேரம் முழுவதும் ரத்து. ஓர் ஆண்டு கழித்து விண்ணப்பிக்கலாம். பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். அவளே முன்வந்து சொன்னதைக் கருத்தில் கொண்டு நிரந்தரத் தடை விதிக்கவில்லை என்று கடைசி வரி சொன்னது. அவளுக்காக வைத்திருந்த உதவியாளர் இடத்துக்கு அவள் வகுப்புப் பெண் ஒருத்தியை எடுத்தார்கள். அந்தப் பெண் போன் செய்து அழுதாள். இவள்தான் சமாதானம் சொன்னாள். கண்டக்டர் சாயாமல் இருக்க அவரைச் சுவரோரம் உட்காரவைக்கச் சொல்லி நினைவூட்டினாள்.

வெள்ளைக் கோட்டையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, கணவனையும் கூட வரச் சொல்லியிருந்தாள் குட்டி மேடம். நோயாளியின் வீட்டாருக்குக் கொடுக்கும் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, எல்லா வீட்டாருக்கும் சொல்வது போலவே வரிவரியாக விளக்கினாள். இழுக்கக் கூடாது. தள்ளக் கூடாது. உட்காரும்போது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. வலி எங்கே, எப்போது என்று கேட்டுக் குறித்து வைக்கவும். அவளுக்கு மனப்பாடமான தாள். எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கீழே உறவினர் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். குட்டி மேடம் அந்தக் கையெழுத்தைப் பார்க்காமலே தாளை மடித்தாள்.

வீட்டில் அவனை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே தலையணையை வைத்தாள். ஏணியும் ரோலரும் வைத்திருந்த மூலையில் இப்போது நாத்தனாரின் துணி மூட்டைகள் இருந்தன. யாரும் சொல்லாமலே அவை அங்கே நகர்ந்திருந்தன. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் அவளைக் கேட்டான்.

“இப்போ எவ்வளவு இருக்கும்?”

“தெரியாது. நான் அளக்கக் கூடாது.”

“கண்ணால பாத்துச் சொல்லேன்.”

“என் கண்ணை நம்பாதீங்க.” தாளை மடியில் விரித்துப் பென்சிலை எடுத்தாள். “வலிக்குதா?”

இல்லை என்று பழக்கத்தில் வாயெடுத்தவன் நிறுத்தினான்.

“வலிக்குது” என்றான்.

“எங்கே?”

தோள்முனையைக் காட்டினான். பிறகு அதற்குப் பின்னால், அக்குளுக்குக் கீழே, கழுத்தோரம், கை மடங்கும் இடம் என்று இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். தாளில் அதற்கு இருந்த இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தில் எதையும் இப்போது அவளால் செய்ய முடியாது. அவன் சொல்லி முடிக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தாள்.